காயாத பச்சை ஸ்வெட்டர்

அப்பா எங்களோடு வந்து தங்கிய நாளிலிருந்து அந்தப் பச்சை ஸ்வெட்டரோடுதான் இருந்தார். சித்திரை மாதத்தில் தாம்பரத்தை ஒட்டிய சேலையூர் முழுக்கக் கொதிக்கும்போதும் பனியனுக்கு மேல் ஸ்வெட்டர், கழுத்து வரை பட்டன். பார்க்கிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். "கழட்டுங்கப்பா, வெயில் கொளுத்துது" என்று சொன்னால், "வேலைக்குப் போகணும் மிஸ், ஏழு மணி ஷிப்ட்டுங்க" என்பார்.

மாலையில் வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். பிள்ளைகள் என்னை மிஸ் என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்திருந்தார். சில நாள் மகள், பல நாள் மிஸ். இரண்டுக்கும் பழகிக்கொண்டேன்.

அவர் குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வு பெற்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அம்மா இறந்த பிறகு தனியே விட மனமில்லாமல் அவரை இங்கே அழைத்து வந்தோம். மறதி நோய் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. இங்கே வந்ததும் அவருக்கு உட்காருவது என்பதே இல்லாமல் போயிற்று. ஹாலிலிருந்து சமையலறைக்கு, சமையலறையிலிருந்து வாசல் கிரில் கேட்டுக்கு, கேட்டைப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டுத் திரும்பவும் ஹாலுக்கு. நடக்கும்போது இடது கை விரல்கள் வலது மணிக்கட்டில் ஸ்வெட்டரின் பட்டியை இழுத்துக்கொண்டே இருக்கும். நாள் முழுக்க அந்தச் செருப்புச் சத்தம். வீட்டில் யார் எந்த வேலையில் இருந்தாலும் ஒரு காது அந்தச் சத்தத்தின் மேல் இருக்கும். அது நின்றால் பதற்றம். நிற்காவிட்டாலும் பதற்றம்தான்.

அந்த ஸ்வெட்டர் நான் பின்னியது. பள்ளியில் கைவேலை வகுப்பில் கற்றுக்கொண்டு முதன்முதலாகப் பின்னிய முழு ஸ்வெட்டர். ஒரு கை இன்னொன்றைவிடச் சற்று நீளம். முதுகில் ஓரிடத்தில் கண்ணி தவறி, அதைக் கவனிக்காமல் மேலே பின்னிக்கொண்டு போயிருக்கிறேன். அம்மாவே, "வீட்ல மட்டும் போட்டுக்கோங்க" என்று அவரிடம் சொன்னாள். அவர் மறுநாளே அதை மாட்டிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போனார். அதன் பிறகு வேறு ஸ்வெட்டர்கள் வந்தன, போயின. இது மட்டும் தங்கிவிட்டது.

தங்கியது என்றாலும் நல்ல நிலையில் இல்லை. முழங்கை இரண்டும் வலை மாதிரி தேய்ந்திருந்தன. கக்கத்தில் உல்லன் உருண்டு உருண்டு திரண்டிருந்தது. அவர் ஓயாமல் இழுத்ததில் மணிக்கட்டுப் பட்டி பிரிந்து நூல் தொங்கியது. மார்பில் ரசம், காப்பி, இருமல் மருந்து. உள்பக்கம் கழுத்துக்குக் கீழே ஒரு வெள்ளைத் துணித் துண்டைத் தைத்து அதில் எங்கள் தொலைபேசி எண்ணை அழியாத மையில் எழுதியிருந்தேன். எப்படியும் அதைக் கழற்ற மாட்டார், எங்கே போனாலும் எண் கூடவே போகும் என்ற கணக்கு.

ஐப்பசியில் அவர் கழுத்திலும் முதுகிலும் சிவப்பாகத் தடித்தது. சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொண்டார். கேம்ப் ரோடு பக்கத்து டாக்டர் ஸ்வெட்டரைத் தூக்கிப் பார்த்தார். வாசனை அவருக்கும் எட்டியிருக்க வேண்டும்.

"இதத் தோய்ச்சு எவ்ளோ நாளாச்சும்மா?"

"கோடைல ஒரு தடவ டாக்டர். அப்ப ஒரே மத்தியானத்துல காஞ்சிடுச்சு, அவர் தூங்கி எழுந்துக்கறதுக்குள்ள போட்டு விட்டுட்டேன்."

"மருந்து தரேன். ஆனா மொதல்ல இதத் தோய்ங்க. அழுக்குத் துணிய மேல போட்டுக்கிட்டு மருந்து தடவி பிரயோஜனம் இல்ல."

மறுநாள் காலை மழை இல்லை. குளிக்க வைக்கும் சாக்கில் ஸ்வெட்டரை வாங்கி, கணவர் அவருக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருக்கும்போதே மறைத்து எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினேன். கையால் பின்னிய உல்லனை மெஷினில் போட முடியாது. வெந்நீரும் ஆகாது, சுருங்கிவிடும். வாளியில் பச்சைத் தண்ணீர் பிடித்து, பூந்திக்கொட்டைத் தூளை ஊற வைத்து வடிகட்டி ஊற்றி, அதில் ஸ்வெட்டரை முக்கினேன். தேய்க்கவும் கூடாது, முறுக்கவும் கூடாது. மெதுவாக அமுக்கி அமுக்கி விட வேண்டும். முதல் தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்தில் இறங்கியது. திரும்பத் திரும்ப மாற்றினேன். நிறம் தெளிந்து, எனக்கே மறந்துபோயிருந்த ஒரு பச்சை வெளியே வந்தது. கனத்துக்கிடந்த அதை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்து, பெரிய துண்டில் விரித்துச் சுருட்டி, அதன் மேல் ஏறி நின்று மிதித்தேன். கொடியில் போட்டால் தொங்கி நீண்டுவிடும் என்று கயிற்றுக் கட்டிலில் பரப்பினேன். மனதில் ஒரே அவசரம். கீழே இருந்து குரல் வந்துவிட்டது. ஸ்வெட்டர் அவருக்கு எப்போதும் கம்பளிதான்.

"மிஸ், என் கம்பளி எங்கங்க?"

"தோய்ச்சுப் போட்டிருக்குப்பா. காய்ஞ்சதும் தரேன்."

"நேரமாச்சுங்க."

இரண்டு மணிக்கு வானம் இருண்டது. கட்டிலைத் தூக்கி மாடிப்படி அறைக்குள் தள்ளுவதற்குள் சாரல் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு விட்டு விட்டு மழை. ஹாலில் பாயை விரித்து ஃபேனுக்கடியில் போட்டிருக்கலாம், ஆனால் அப்பா பார்த்தால் ஈரத்தோடு மாட்டிக்கொள்வார். அதனால் எங்கள் படுக்கையறையில் பூட்டி வைத்து ஃபேன் போட்டோம். மறுநாள் தொட்டுப் பார்த்தால் மேலே காய்ந்த மாதிரி இருந்தது. மடித்த இடத்தில் விரலை வைத்தால் சில்லென்றது. ஒரு புழுங்கல் வாடையும் வந்திருந்தது.

அப்பாவின் நடையில் வேகம் கூடியிருந்தது. சட்டை போட்டு விட்டோம். அதில் இழுக்க மணிக்கட்டுப் பட்டி இல்லாததால் விரல்கள் தோலையே இழுத்தன. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஒவ்வொரு அறைக்கதவையும் தட்டி, உள்ளே யாரோ இருப்பதுபோல் மரியாதையாகக் கேட்டார், "சார், என் கம்பளி உள்ள இருக்குங்களா?" பூட்டிய அறை வாசலுக்கு வந்தபோது அதிக நேரம் நின்றார். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். டியூஷன் பிள்ளைகளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனக்கும் உட்கார முடியவில்லை. அவர் ஹாலில் நடக்க, நான் சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடந்து, கதவைத் திறந்து தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி பூட்டிக்கொண்டிருந்தேன்.

என் கணவர் சேலையூரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருக்கு இந்த ஊரில் ஸ்வெட்டர் என்ற ஒன்றே வேடிக்கை. அன்று வெள்ளிக்கிழமை. பல்லாவரம் சந்தைக்குப் போய் அதே பச்சையில் ஒரு ஸ்வெட்டர் தேடி வாங்கி வந்துவிட்டார்.

"இன்னா பெரிய வித்தியாசம் தெரியப் போவுது அவருக்கு? போட்டு வுடு."

அப்பா அதை வாங்கிக் கையில் திருப்பிப் பார்த்தார். இரண்டு கைகளையும் நீட்டி அளவு பார்த்தார். பிறகு அழகாக மடித்து என் கணவரிடமே கொடுத்தார்.

"இது வேற யாரோடதோங்க. கை ரெண்டும் ஒரே அளவா இருக்கு. பாவம், தேடிட்டு இருப்பாங்க. குடுத்துடுங்க."

கணவர் என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. கிண்ணம் கழுவுகிற சாக்கில் உள்ளே போனேன்.

சனிக்கிழமை காலை வெயில் எட்டிப் பார்த்தது. கணவர் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தார். அப்பா ஹாலில் நடந்துகொண்டிருந்தார். ஸ்வெட்டரை நைட்டிக்குள் மறைத்துக்கொண்டு மாடிக்கு ஓடி, கட்டிலை இழுத்துப் போட்டுப் பரப்பினேன். வேறு பக்கம் திருப்பி, கைகளை நீவி, கழுத்தைச் சரிசெய்து, அது வெயிலில் ஆவி விடுவதைப் பார்த்து அப்படியே கொஞ்சம் நின்றுவிட்டேன். கீழே இறங்கி வந்தபோது செருப்புச் சத்தம் இல்லை. தண்ணீர் கேன் போடுகிறவர் வந்து போயிருக்கிறார். கேன் உள்ளே இருந்தது. கிரில் கேட் திறந்து கிடந்தது.

தெருமுனை வரை வெறுங்காலோடு ஓடினேன். பிள்ளையார் கோயில், பால் பூத், பக்கத்துத் தெரு, ஏரிக்கரை. யாரும் பார்க்கவில்லை. கணவருக்குப் போன் செய்தேன். "நான் பைக்ல வேளச்சேரி ரோடு பக்கம் பாத்துகினே வரேன், நீ ஆட்டோ புடிச்சு தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் போ" என்றார். ஆட்டோ ஸ்டாண்டில் எனக்குத் தெரிந்த ஓட்டுநர் ஒருவர் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் வண்டியை எடுத்தார்.

"அக்கா, பெரியவரு போட்டோ இருந்தா அனுப்பு. எங்க ஸ்டாண்டுக்காரங்க குரூப்ல போட்டு வுடறேன். தாம்பரம் பூரா நம்ம ஆளுங்கதான்."

போனில் தேடினேன். பிறந்தநாள், தீபாவளி, மாடியில் நின்றது, எல்லாவற்றிலும் பச்சை ஸ்வெட்டர். இருப்பதில் முகம் தெளிவாக இருந்த ஒன்றை அனுப்பினேன். ஆட்டோ கேம்ப் ரோடு சிக்னலைத் தாண்டுவதற்குள் பதில்கள் வர ஆரம்பித்தன. அவர் ஒரு கையில் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டே வாய்ஸ் மெசேஜ்களைக் கேட்டார்.

"பச்ச ஸ்வெட்டர் யாரையும் பாக்கலைன்றாங்கக்கா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தாம்பரத்தில் எல்லோரும் பச்சை ஸ்வெட்டர் போட்ட ஒருவரைத் தேடுகிறார்கள். ஸ்வெட்டர் எங்கள் மொட்டைமாடியில் காய்கிறது. எங்கள் எண்ணும் அதோடுதான் காய்கிறது.

"அண்ணா, அவர் ஸ்வெட்டர் போடல. நீலக் கட்டம் போட்ட சட்டை, வேட்டி. தயவுசெஞ்சு மாத்திச் சொல்லுங்க."

"இன்னாக்கா, மொதல்ல சொல்லக்கூடாதா. சரி சரி, அழுவாத. சொல்லிட்டேன்."

மழை பிடித்தது. கிழக்குத் தாம்பரத்தில் இறங்கி, ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறி, ஒவ்வொரு நடைமேடையாக எட்டிப் பார்த்துக்கொண்டே மேற்குப் பக்கம் ஓடினேன். செங்கல்பட்டு வண்டி, கடற்கரை வண்டி என்று அறிவிப்பு காதைப் பிளந்தது. நீலச் சட்டைகளாகவே எதிரில் வந்தன. எந்த வண்டியிலாவது ஏறியிருந்தால் என்ற எண்ணம் வந்ததும் கீழே நின்ற வண்டியின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அந்த நேரத்தில் ஆட்டோக்காரரின் அழைப்பு வந்தது.

"அக்கா, மேற்கால மார்க்கெட்டுல, ஜிப்பு பட்டன்லாம் விக்கற பாய் கடை. ஒரு பெரியவர் ஒக்காந்துகினு கீறாராம். நம்ம பையன் அங்கதான் நிக்கிறான். போ, ஓடாத, வழுக்கும்."

ஓடினேன். அந்தக் கடை எனக்குத் தெரியாதது. ரிப்பன், லேஸ், நூல்கண்டு, ஜாக்கெட் கொக்கி என்று கூரை வரை தொங்கும் சின்னக் கடை. வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூலில் அப்பா உட்கார்ந்திருந்தார். கையில் டீ டம்ளர். மடியில் ஒரு சிவப்பு உல்லன் உருண்டை. செருப்பு இல்லை, கால் முழுக்கச் சேறு.

கடைக்கார பாய் என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"உங்க அப்பாவா? பயப்படாதீங்கம்மா, நல்லா இருக்கார். வந்து, 'கம்பளி குடுங்க, ஷிப்ட்டுக்கு நேரமாச்சு'ன்னார். ஸ்வெட்டர் நம்மகிட்ட இல்ல பெரியவரே, நூல்தான் இருக்குன்னேன். அப்ப நூல் குடுங்கன்னார். பேர் கேட்டா சொல்றார், வீடு கேட்டா குன்னூர்ன்றார். மழைல எங்க அனுப்பறது, அதான் ஒக்கார வெச்சேன்."

நான் அப்பாவின் எதிரில் குனிந்து உட்கார்ந்தேன். கையைப் பிடித்தேன். சில்லிட்டிருந்தது. அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"மிஸ், நீங்களா? நல்லதாப் போச்சுங்க." நூல் உருண்டையை எடுத்து என் கையில் வைத்தார். "எம் பொண்ணு நல்லாப் பின்னுவா. அவகிட்ட குடுத்துடுங்க. கொஞ்சம் சீக்கிரமாப் பின்னச் சொல்லுங்க. குளிருது."

"சொல்றேங்க" என்றேன்.

பாய் நூலுக்குக் காசு வாங்க மாட்டேன் என்றார். வற்புறுத்தித்தான் கொடுக்க முடிந்தது. கணவர் வந்து பைக்கைக் கடையோரம் நிறுத்தினார். அப்பாவை நடுவில் உட்கார வைத்து ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம்.

மாடியில் ஸ்வெட்டர் மறுபடி நனைந்து கிடந்தது. எடுத்து வந்து துண்டில் சுருட்டி மிதித்து, மேலே வெள்ளைத் துணி போட்டு, இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல் வைத்து வைத்து எடுத்தேன். ஒவ்வொரு முறையும் ஆவி கிளம்பியது. இந்த முறை கதவை மூடவில்லை. அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என் கம்பளி எங்கே என்று கேட்கவில்லை. அதுதான் அங்கே இருக்கிறதே. முக்கால்வாசி காய்ந்ததும் போட்டு விட்டேன். பட்டனைத் தானே மாட்டிக்கொண்டார். விரல்கள் மணிக்கட்டுப் பட்டிக்குப் போயின. நூல் பிரிந்து வந்தது.

அந்தப் பட்டியை இனிச் சும்மா விட்டால் கை முழுக்கப் பிரிந்துவிடும். கழற்றி வாங்க எனக்குத் துணிவில்லை. அதனால் அவர் போட்டிருக்கும்போதே சரிசெய்வது என்று முடிவு செய்தேன். வீட்டில் பின்னல் ஊசி இல்லை. கணவர் சைக்கிள் கடையிலிருந்து ஸ்போக்ஸ் கம்பிகள் வாங்கி வந்து, இரு முனையையும் அரத்தால் ராவி மழுக்கிக் கொடுத்தார். அப்பாவைச் சோபாவில் உட்கார வைத்து, அவர் கையை என் மடியில் வைத்துக்கொண்டு, கிழிந்த பட்டியைப் பிரித்து எடுத்தேன். அவிழ்ந்து நின்ற கண்ணிகளை ஒவ்வொன்றாகக் கம்பியில் கோத்தேன். சிவப்பு உல்லனை இணைத்து, அவர் மணிக்கட்டைச் சுற்றியே பின்ன ஆரம்பித்தேன். ஒரு நேர்க்கண்ணி, ஒரு எதிர்க்கண்ணி. இத்தனை காலம் தொடாமல் இருந்தும் விரல் தடுமாறவில்லை, வேகம்தான் வரவில்லை.

ஒரு சுற்று முடிவதற்குள் அவர் எழுந்துவிட்டார்.

"அப்பா, உக்காருங்க, கம்பி குத்தும்."

"மெஷின் ஓடுதுங்க மிஸ். பாக்கணும்."

வேறு வழி இல்லை. நானும் எழுந்தேன். நூல் உருண்டையை நைட்டிப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் நடக்க, அவர் வலது கையை என் இடது கைக்குள் வாங்கிக்கொண்டு நானும் நடந்தேன். சமையலறை வரை போய்த் திரும்பும் இடத்தில் அவர் நிற்பார். அந்த நேரத்தில் சில கண்ணிகள் போடுவேன். கேட்டருகே நின்று ஆட்டும்போது இடது கையால்தான் ஆட்டினார். அங்கே இன்னும் கொஞ்சம். டியூஷன் பிள்ளைகள் வந்து நின்று வாய் திறந்து பார்த்தார்கள். ஒரு பெண் குழந்தை மட்டும், "மிஸ், தாத்தாவ கட்டி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டது. "இல்லம்மா, தச்சுகிட்டு இருக்கேன்" என்றேன். வாய்ப்பாடு சொல்லச் சொல்லிவிட்டு, நடந்துகொண்டே பின்னிக்கொண்டே தவறு திருத்தினேன்.

நிறுத்தும்போதெல்லாம் கம்பியை உருவி, கண்ணிகளை நூலில் கோத்து வைப்பேன். வலது கைக்கு ஒரு வாரம் போனது. நைந்திருந்த இடது கைப் பட்டிக்கு அதைவிட அதிகம், ஏனென்றால் இழுக்கிற விரல்கள் அந்தக் கையில். முழங்கைகளில் அதே சிவப்பு நூலால் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி அடைத்தேன். கக்கத்து உருண்டைகளைச் சீப்பால் வாரி எடுத்தேன். சட்டை வேட்டி எல்லாவற்றிலும் எண் எழுதிய துணியைத் தைத்தேன். இதெல்லாம் முடிந்தபோது மார்கழி வந்திருந்தது. கழுத்துப் புண் ஆறியிருந்தது. அவர் நடையில் மாற்றமில்லை.

தை மாதம் நல்ல வெயில் அடித்த ஒரு நாளில் மீண்டும் தோய்த்தோம். இந்த முறை அவரையும் மாடிக்கு அழைத்துப் போனேன். வாளிக்கு எதிரில் முக்காலி போட்டு உட்கார வைத்து, "அப்பா, கம்பளியத் தோய்க்கணும், குடுங்க" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். பட்டனைக் கழற்றினார். தானே தண்ணீருக்குள் வைத்தார். நான் அமுக்க, அவரும் ஒரு கையால் அமுக்கினார். சிவப்புச் சாயம் போகுமோ என்று பயந்தேன். போகவில்லை. கட்டிலில் பரப்பியதும் அவர் முக்காலியை அதன் பக்கத்திலேயே இழுத்துப் போட்டுக்கொண்டார். தலைக்கு மேல் தாம்பரம் விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் ஒன்று இரைந்துகொண்டு வட்டமடித்தது. அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"காஞ்சிடுச்சா மிஸ்?"

"இன்னும் இல்லப்பா."

எழுந்து மொட்டைமாடிச் சுவர் வரை நடந்தார். திரும்பி வந்து ஒரு விரலால் கையைத் தொட்டார். சிவப்புப் பட்டியை வெகுநேரம் பார்த்தார்.

"இது யார் பின்னினது?"

"உங்க பொண்ணு."

"ஊர்லருந்து வந்திருந்தாளா? என்கிட்ட சொல்லவே இல்லையே யாரும்."

"நீங்க ஷிப்ட்டுல இருந்தீங்க."

தலையாட்டினார். மறுபடி சுவர் வரை நடந்து திரும்பினார். நான் கட்டிலின் மறுபக்கம் நின்று ஸ்வெட்டரைத் திருப்பிப் போட்டேன்.